மார்க் குறைந்த பிள்ளை முதலில் யாரிடம் வருகிறது?

எல்லாப் புகழும் அகில உலகங்களையும் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக. அம்மா பஃது.

அல்லாஹ்வின் நல்லடியார்களே! எனக்கும் உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்து இந்த உரையைத் தொடங்குகிறேன்.

ஷஃபான் மாதம் பிறந்துவிட்டது. வழக்கமாக இந்த ஜும்ஆவில் ரமலானை வரவேற்பது பற்றிப் பேசுவேன். இன்றும் ரமலான் பேச்சு வரும், ஆனால் வேறு வாசல் வழியாக வரும். இந்த ஆண்டு ரமலான் பிப்ரவரி மூன்றாவது வாரத்தில் தொடங்க இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு மார்ச் தொடக்கத்தில். அதாவது நம் மஹல்லாவில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் நோன்போடு பரீட்சை எழுதப் போகிறார்கள். அதற்கு நடுவில் பத்தாம் வகுப்புக்காரர்களுக்கும் தேர்வு வந்துவிடும். ஆகவே அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களிடம், வீட்டில் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களிடமும் சேர்த்து, இன்று கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

யூசுஃப் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் வரலாறு உங்களுக்குத் தெரியும். அந்த சூரா எங்கிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். கிணற்றிலிருந்தோ எகிப்தின் அரண்மனையிலிருந்தோ அல்ல. ஒரு சிறு பிள்ளை தன் அத்தாவிடம் வந்து பேசுகிறது, அங்கிருந்து தொடங்குகிறது. பதினொரு நட்சத்திரங்களும் சூரியனும் சந்திரனும் தனக்குச் சிரம் பணியக் கண்டதாக அந்தப் பிள்ளை சொல்கிறது. கேட்டால் சிரிப்பு வரக்கூடிய பேச்சு. நம் வீட்டில் ஒரு பையன் இப்படி வந்து சொன்னால், "போய்ப் படிக்கிற வேலையைப் பார்" என்று அனுப்பிவிடுவோம்.

யஃகூப் அலைஹிஸ்ஸலாம் என்ன செய்தார்கள்? முழுவதையும் கேட்டார்கள். அருமை மகனே என்று அழைத்தார்கள். இதை உன் சகோதரர்களிடம் சொல்லாதே என்று அதற்கு ஒரு காவல் போட்டார்கள். பிறகு, அல்லாஹ் உன்னைத் தேர்ந்தெடுப்பான் என்று நம்பிக்கை கொடுத்தார்கள். அவர்கள் அந்தப் பிள்ளையின் பேச்சைக் கேட்டு, அதன் ரகசியத்தைக் காத்து, நம்பிக்கையும் கொடுத்து அனுப்பியதைத்தான் இன்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் பிள்ளைகள் கைக்கு வந்துவிட்டன. வேதியியலில் 29 மார்க் வாங்கிய பிள்ளை அந்தச் செய்தியை முதலில் யாரிடம் சொன்னது? உங்களிடமா, நண்பனிடமா, தலையணையிடமா?

ஒவ்வோர் ஆண்டும் இந்தக் காலத்தில் இஷா தொழுகை முடிந்து சில பிள்ளைகள் பின் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். கூட்டம் கலைந்த பிறகு மெல்ல வருவார்கள். "ஹஜ்ரத், அத்தாவிடம் நீங்கள் பேசுங்களேன்" என்பார்கள். யார், எந்த ஆண்டு என்றெல்லாம் சொல்ல மாட்டேன். நீங்களும் இன்று வீட்டுக்குப் போய் "நீ போனாயா" என்று விசாரிக்காதீர்கள். நான் சொல்ல வருவது இதுதான்: அந்தப் பிள்ளைகளில் யாருக்கும் அத்தா மீது வெறுப்பு இல்லை. அத்தா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறார், காக்களூர் தொழிற்பேட்டையில் ஓவர்டைம் பார்க்கிறார், அல்லது சவூதியில் இருக்கிறார். அவர் எதற்காக அந்தப் பாடு படுகிறார் என்று பிள்ளைக்குத் தெரியும். தெரிவதால்தான் வாய் வரவில்லை. நம் உழைப்பைச் சொல்லிச் சொல்லியே, "உனக்காகத்தானே இப்படிச் சாகிறேன்" என்று சொல்லிச் சொல்லியே, பிள்ளைகளின் வாயை நாம் கட்டிவிடுகிறோம்.

அனஸ் ரளியல்லாஹு அன்ஹு அவர்களைப் பாருங்கள். ஏறத்தாழ பத்து வயதில் நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடம் வந்தார்கள். பத்து ஆண்டுகள் பணிவிடை செய்தார்கள். கணக்குப் பாருங்கள், பத்திலிருந்து இருபது. இன்று நம்மை வீட்டில் பாடாய்ப் படுத்துகிற அதே வயது. அந்தப் பத்து ஆண்டுகளில் ஒரு முறை கூட நபியவர்கள் தன்னைச் "சீ" என்று சொன்னதில்லை, ஏன் செய்தாய், ஏன் செய்யவில்லை என்று கடிந்ததில்லை என்று அனஸ் அவர்களே சொல்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிற செய்தி.

அவர் தவறே செய்யாத பிள்ளையாக இருந்தாரா? இல்லை. ஒரு நாள் நபியவர்கள் ஒரு வேலையாக அனுப்பினார்கள். இவர் கடைத்தெருவில் விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்களைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டார். பின்னாலிருந்து ஒரு கை வந்து பிடரியைப் பிடிக்கிறது. திரும்பிப் பார்த்தால் நபியவர்கள், முகத்தில் சிரிப்போடு. செல்லமாகப் பெயரைச் சுருக்கி "உனைஸ்" என்று அழைத்து, நான் சொன்ன இடத்துக்குப் போனாயா என்று கேட்கிறார்கள். இதோ போகிறேன் என்று ஓடுகிறார் அனஸ். வேலையும் நடந்தது, பிள்ளையின் மனமும் உடையவில்லை. இன்று அந்தக் கடைத்தெரு பிள்ளைகளின் கையில் செல்போனாக இருக்கிறது. போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்த அத்தாக்களை எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை போனை ஒளிக்கக் கற்றுக்கொண்டது, படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

தாய்மார்களே, உங்களிடம் தனியாக ஒன்று. கோபத்தில் வாயிலிருந்து வருகிறதே, "நீ உருப்படவே மாட்டாய்", "நாசமாய்ப் போ". உங்களுக்கு எதிராகவும், உங்கள் பிள்ளைகளுக்கு எதிராகவும், உங்கள் பொருளுக்கு எதிராகவும் துஆ செய்யாதீர்கள், துஆ ஏற்கப்படும் நேரமாக அது அமைந்துவிடலாம் என்று நபியவர்கள் எச்சரித்ததை ஜாபிர் ரளியல்லாஹு அன்ஹு அறிவிக்கிறார்கள், முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. ரமலானில் ஸஹர் நேரத்தில், இஃப்தாருக்கு முந்தைய நிமிடங்களில், துஆ ஏற்கப்படும் என்று ஆசையோடு கை ஏந்துகிறோம். அதே நேரத்தில் அடுப்படியில் நின்று இந்த வார்த்தையைச் சொல்லலாமா?

அடுத்து, ரகசியம் காப்பது. பிளஸ் டூ முடிவு வெளியாகும்போது முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்தான் இன்னும் நிறுத்தவில்லை. "ஆயிஷா 560, உங்கள் வீட்டில் எவ்வளவு?" என்று பெரியம்மா கேட்கிறார். பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. "அல்ஹம்து லில்லாஹ், துஆ செய்யுங்கள்" என்று மட்டும் எழுதுங்கள். யஃகூப் நபி மகனின் நல்ல கனவையே சொந்த அண்ணன்மார்களிடமிருந்து மறைத்து வைக்கச் சொன்னார்கள். நாம் பிள்ளையின் குறைந்த மார்க்கைச் சொந்தக்காரர்கள் நடுவில் வைத்துப் பேசுகிறோம்.

இன்னொரு எண்ணமும் நம்மிடம் இருக்கிறது. "என் பிள்ளை நன்றாகப் படிக்கிறது, எனக்குக் கவலை இல்லை." அரியலூர் மாவட்டத்து மாணவி அனிதாவை நினைத்துப் பாருங்கள். சுமை தூக்கும் தொழிலாளியின் மகள். பிளஸ் டூவில் 1200-க்கு 1176 மார்க். நீட் தேர்வை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். மருத்துவ இடம் கிடைக்காத நிலையில் 2017 செப்டம்பர் 1 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தக் குடும்பத்தின் மீது குறை சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை, நான் அதற்காகச் சொல்லவும் இல்லை. மார்க் அதிகம் வாங்கும் பிள்ளையின் மனதிலும் பாரம் இருக்கும், அதையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உயிர் அல்லாஹ்வின் அமானிதம், அதை மாய்த்துக்கொள்வது ஹராம். இது நம் பிள்ளைகளுக்குத் தெரியும், மக்தபில் படித்திருக்கிறார்கள். ஆனால் மனம் உடைந்து நிற்கும் பிள்ளையிடம் சட்டத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போவது தாகித்தவனிடம் தண்ணீரின் சட்டத்தைச் சொல்வது போல. பிள்ளை சாப்பாட்டைக் குறைக்கிறது, தூங்குவதில்லை, "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்பது போல் பேசுகிறது என்றால் அதை நாடகம் என்று தள்ளாதீர்கள். நேராகக் கேளுங்கள், கேட்டால் தப்பாகிவிடாது. அன்று இரவு பக்கத்திலேயே இருங்கள். 104-ஐ அழைக்கலாம், 14416-ஐ அழைக்கலாம். இரண்டும் அரசின் இலவச ஆலோசனை எண்கள், தமிழில் பேசுவார்கள். மனநல மருத்துவரிடம் போவது ஈமானில் குறை ஆகாது. நோய்க்கு மருந்து செய்யச் சொன்ன மார்க்கம் இது.

முடிவு வரும் நாளுக்கு இப்போதே தயாராகுங்கள். தேர்ச்சிக்கு வேண்டியது 35 மார்க். ஒரு பாடத்தில் தவறிவிட்டால் துணைத் தேர்வு சில வாரங்களிலேயே வருகிறது, அதை எழுதி அதே ஆண்டு கல்லூரியில் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் விடைத்தாள் நகல் கேட்கலாம், மறுகூட்டல் கேட்கலாம். இதை மே மாதத்தில் அழுகைக்கு நடுவில் சொன்னால் காதில் ஏறாது. இந்த வாரமே, சாப்பிட உட்காரும்போது, "தவறினாலும் வழி இருக்கிறது, நானும் உன்கூட வருவேன்" என்று சொல்லி வையுங்கள். அப்படிச் சொன்னால் பிள்ளைக்கு அலட்சியம் வந்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். பயத்தில் நடுங்குகிற கை பேனாவைப் பிடிக்காது, அதையும் யோசியுங்கள்.

"ஹஜ்ரத், நான் எட்டாவதோடு நின்றவன், பையன் படிக்கிற கணக்கில் ஒரு எழுத்து புரியாது, நான் என்ன உதவி செய்ய முடியும்?" என்று கேட்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ராமேஸ்வரத்து ஜைனுலாப்தீன் அவர்களும் பெரிய பள்ளிப் படிப்பு இல்லாதவர்தான், பெரிய செல்வமும் இல்லை. ஆனால் சிறுவன் அப்துல் கலாம் தொழுகையைப் பற்றிய கேள்விகளோடு அவரிடம்தான் போனார், அவரும் தெரிந்த தமிழில் பொறுமையாகப் பதில் சொன்னார். ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளிக்குப் போய்ப் படிக்க மகன் அனுமதி கேட்டபோது, பிரிய மனமில்லாத தாயைச் சமாதானப்படுத்தி அனுப்பி வைத்தார். பின்னால் சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணம் இல்லாதபோது அக்கா ஜொஹரா தன் நகையை அடகு வைத்தார். அந்த வீட்டில் யாரும் அவருக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கவில்லை.

மகள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிளஸ் டூ பரீட்சைக்கு முந்தைய மாதம் பெண் பார்க்க ஆள் வருவது நம் ஊரில் நடக்கிறது. தேர்வு முடியும் வரை அந்தப் பேச்சை வீட்டுக்குள் எடுக்காதீர்கள். 18 வயது ஆகாமல் திருமணம் சட்டப்படியும் குற்றம். நுஃமான் இப்னு பஷீர் அவர்களின் தந்தை ஒரு பிள்ளைக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்துவிட்டு நபியவர்களைச் சாட்சிக்கு அழைத்தபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கொடுத்தாயா என்று கேட்டு, சாட்சி நிற்க மறுத்தார்கள். மகனுக்கு டியூஷன், மகளுக்குச் சமையல்கட்டு என்றால் அந்தக் கேள்வி நமக்கும்தான். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்கு உயர்கல்வியில் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 முதல் இருக்கிறது. பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன். உயர்கல்வியில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது, அதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். மே மாதத்தில் அலையாமல் இப்போதே வாங்கி வையுங்கள்.

ரமலான் விஷயத்துக்கு வருகிறேன். பரீட்சை இருக்கிறது என்பது மட்டுமே பருவமடைந்த பிள்ளை நோன்பை விடுவதற்குக் காரணம் ஆகாது. சர்க்கரை நோய், வேறு உடல் நோய் உள்ள பிள்ளைகள் மருத்துவரிடமும் என்னிடமும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் தராவீஹுக்குப் பள்ளிக்கு வரவில்லை என்று பிள்ளையைத் திட்டாதீர்கள். தராவீஹ் சுன்னத், வீட்டில் தொழுதாலும் நிறைவேறும். மறுநாள் பரீட்சை உள்ள பிள்ளை இஷா தொழுது, வீட்டில் முடிந்ததைத் தொழுது, சீக்கிரம் படுக்கட்டும். ஸஹருக்கு எழுந்து சாப்பிட்டு, ஃபஜ்ர் தொழுத பிறகு கிடைக்கும் அமைதியான நேரம் படிப்புக்கு மிக நல்லது. இஃப்தார் விருந்துகளுக்கு இந்த ஆண்டு அந்தப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போக வேண்டாம். அதன் பங்கைத் தூக்குவாளியில் கொண்டு வாருங்கள்.

கடைசியாக, யூசுஃப் சூராவில் மறந்துபோகிற ஒரு இடம். கிணற்றில் தள்ளிய அண்ணன்மார்கள் அன்று மாலை அழுதுகொண்டே வந்து பொய் சொன்னார்கள். எத்தனையோ ஆண்டுகள் அந்த உண்மையைத் தந்தையிடம் சொல்ல முடியாமல் சுமந்தார்கள். எல்லாம் வெளிப்பட்ட பின், எங்களுக்காகப் பாவமன்னிப்புக் கேளுங்கள் என்று அவர்கள் வந்து நின்றதும் அதே தந்தையிடம்தான். கேட்கிறேன் என்றுதான் அவரும் சொன்னார்.

ஓர் அறிவிப்பு. வரும் ஞாயிறு முதல் இஷாவுக்குப் பின் இரவு பத்தரை வரை நம் மத்ரஸா ஹால் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காகத் திறந்திருக்கும். மின்விசிறி, விளக்கு, குடிநீர் இருக்கிறது. ஷிஃப்ட் இல்லாத அத்தாக்கள் முறை வைத்து ஒருவர் வந்து உட்கார்ந்தால் போதும். பேர் கொடுப்பவர்கள் தொழுகை முடிந்ததும் முஅத்தினிடம் கொடுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் நெஞ்சங்களை விரிவாக்குவாயாக. அவர்கள் அஞ்சாமல் வந்து பேசும் இடமாக எங்கள் மடிகளை ஆக்குவாயாக. ஆமீன். வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.