சிறைக்கூடத்து நட்பு

சுங்கை பினாங்கிலிருந்து நகரின் நடுப்பகுதிக்குச் செல்லும் வழியில் சற்றே விலகி நடந்தால் சிறைச்சாலையின் மதிலைக் காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த சிறை அது. அதனையொட்டிய சாலைக்கே ‘ஜாலான் பெஞ்சாரா’ என்று பெயர் வழங்குகிறது. நாள்தோறும் அவ்வழியே செல்வோர் கண்ணில் அம்மதில் படுவதில்லை. பழகிய பொருள் எதுவுமே அப்படித்தான். ஆனால் உள்ளே ஒருவரை வைத்துக்கொண்டு வெளியே நடப்பவர்க்கு அம்மதிலின் ஒவ்வொரு கல்லும் தெரியும்.

என்னிடம் ஆறாம் ஆண்டு வரை பயின்ற ஒருவன் இன்று நாட்டின் வேறொரு சிறையில் இருக்கிறான். அவன் செய்த குற்றம் உண்மையானதே. அதை மறைக்க நான் முற்படவில்லை. அவனுடைய தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆதலின் மாதம் ஒருமுறை பள்ளிக்கு வந்து, “ஐயா, தம்பிக்கு ரெண்டு வரி எழுதிக் கொடுங்க” என்பார். “அடுத்த வருசம் வந்துடுவேன்னு நம்பிக்கையா இருக்கச் சொல்லுங்க ஐயா” என்று ஒருநாள் அவர் கூறியபோது என் எழுதுகோல் நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு அவன் வருவதற்கு வழியில்லை என்பதை நான் அறிவேன். வராத ஒன்றை நம்பச் சொல்வது அன்பா, கொடுமையா? சிறைவாழ்வைப் பாடிய புலவரும் புனைந்த கதையாசிரியரும் படமெடுத்த இயக்குநரும் இவ்வினாவைச் சுற்றியே வந்திருக்கின்றனர் என்பது பின்னரே எனக்கு விளங்கியது.

நம் ஊருக்கும் இவ்வினாவுக்கும் பழைய உறவு உண்டு. இத்தீவே ஒரு காலத்தில் தமிழருக்குச் சிறையாக இருந்தது. 1801ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். அடுத்த ஆண்டு சின்ன மருதுவின் இளைய மகன் துரைச்சாமியும் பாளையக்காரர் கிளர்ச்சியில் பிடிபட்ட எழுபதுக்கும் மேற்பட்டோரும் கப்பலேற்றப்பட்டு, அன்று ‘வேல்சு இளவரசர் தீவு’ எனப்பட்ட இப்பினாங்கிற்கு நாடுகடத்தப்பட்டனர். துரைச்சாமிக்கு அப்போது வயது ஏறத்தாழப் பதினைந்து. ஆங்கிலப் படைத்தலைவர் ஜேம்ஸ் வெல்ஷ் என்பவர் போருக்கு முன்னர்ச் சின்ன மருதுவிடம் வேலெறியவும் வளரி வீசவும் கற்றவர். அவர் 1818இல் பினாங்கிற்கு வந்தபோது கூனிக் குறுகிய தோற்றமுடைய ஒருவர் கண்ணீருடன் எதிரே நின்றார். யாரென்று வினவியபோது வந்த விடை துரைச்சாமி என்னும் பெயர். முப்பதைச் சற்றே கடந்த ஒருவர் முதியவராக நின்றார் என்று வெல்ஷே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். பகைவரின் குறிப்பில்தான் நம்மவரின் கண்ணீர் பதிவாகியிருக்கிறது என்பது நமக்குப் பெருமை தருவதன்று. அப்பதினாறு ஆண்டுகளில் துரைச்சாமி யாருடன் பேசினார், யாருடன் உண்டார், எதை எதிர்பார்த்து விழித்தார் என்பதைச் சொல்லும் தமிழ்ப் பாட்டு ஒன்றும் நம் மாணவர் கைக்கு வந்து சேரவில்லை.

அவருக்குப் பின்னரும் இந்தியக் கைதிகள் ஆயிரக்கணக்கில் நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்தனர். சாலையிட்டனர், காடு திருத்தினர், கட்டடம் எழுப்பினர். சிங்கப்பூரில் புனித ஆண்டுரூ பேராலயம் எழுந்தது அவர்களுடைய உழைப்பால். அவர்களை மேற்பார்த்த மேக்நாயர் என்னும் அதிகாரி 1899இல் வெளியிட்ட நூலின் தலைப்பே, கைதிகள் தமக்குத் தாமே காவலராயினர் என்னும் பொருள்பட அமைந்தது. நன்னடத்தையுடைய கைதியைக் கொண்டே ஏனைய கைதிகளை மேய்க்கும் முறை அது. ஆட்சியாளருக்கு இது சிக்கனம். கைதிக்கோ இது ஒரு சோதனை. நேற்றுவரை தன்னோடு ஒரே சங்கிலியில் நடந்தவன் இன்று தனக்குக் காவலனாகிறான் என்றால், அவனை நண்பன் என்பதா, அன்று என்பதா? சிறைக் கதைகளில் வரும் நட்பை நாம் எளிதாகப் போற்றிவிடுகிறோம். இந்த முள்ளை மறந்துவிட்டுப் போற்றுவது சரியன்று.

பழந்தமிழ்ச் சிறைப் பாட்டு என்றவுடன் ஆசிரியர் அனைவர்க்கும் புறநானூற்றின் 74ஆம் பாட்டு நினைவுக்கு வரும். சோழன் செங்கணானிடம் தோற்றுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்த சேரமான் கணைக்காலிரும்பொறை, தாகத்திற்கு நீர் கேட்டான். காவலர் காலந்தாழ்த்திக் கொடுத்தனர். அவன் அதைப் பருகாது உயிர் நீத்தான் என்று பாட்டின் அடிக்குறிப்புக் கூறும். மானத்திற்கு எடுத்துக்காட்டாக இதை நாம் வகுப்பில் நடத்துகிறோம். நானும் பல்லாண்டு நடத்தியவன்தான். ஆயினும் நாம் விரைந்து கடந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. அவனை மீட்கவே புலவர் பொய்கையார் களவழி நாற்பது பாடினார் என்பது மரபு. சிறைக்கு வெளியே ஒரு நண்பர் செய்யுள் செய்துகொண்டிருக்க, உள்ளே ஒருவன் நீரை மறுத்துக்கொண்டிருந்தான்! அச்செய்யுள் அவனைச் சேர்ந்து அவன் விடுதலை பெற்றான் என்பாரும் உளர். சேருமுன் அவன் மாய்ந்தான் என்பாரும் உளர். இரண்டாம் கூற்றே உண்மையாயின், அவனைக் கொன்றது தாகமன்று, செய்தி எட்டாமையே என்று சொல்லத் தோன்றுகிறது. தன்பொருட்டு ஒருவர் முயல்கிறார் என்று அறிந்திருந்தால் அவன் அந்நீரைப் பருகியிருப்பானோ? விடை காண இயலாத வினாதான். ஆயினும் மாணவரிடம் கேட்கத்தக்க வினா.

இனி அயல்நாட்டுப் படைப்பொன்றைக் காண்போம். அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங் 1982இல் வெளியிட்ட குறுநாவலைத் தழுவி, ஃபிராங்க் டாராபான்ட் 1994இல் ‘ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’ என்னும் படத்தை இயக்கினார். செய்யாத கொலைக்காக ஆயுள் தண்டனை பெற்ற ஆண்டி என்னும் வங்கியாளருக்கும் நெடுநாள் கைதியான ரெட் என்பவருக்கும் இடையே வளரும் நட்பே கதை. நம்பிக்கை கைதியைப் பித்தனாக்கிவிடும், அது சிறைக்குள் கூடாத பொருள் என்பது ரெட்டின் கொள்கை. ஆண்டியோ நூலகத்திற்குப் பொருளுதவி வேண்டி வாரந்தோறும் கடிதம் எழுதுகிறார். படிப்பறிவற்ற இளைஞன் ஒருவனுக்குப் பாடம் சொல்லித் தேர்வு எழுத வைக்கிறார். ஆசிரியத் தொழிலில் இருப்போருக்கு அப்பகுதி இனிக்கும்.

ஆயினும் அப்படத்தில் என்னை உறங்கவிடாமற் செய்தது தப்பிச் செல்லும் காட்சியன்று. புரூக்ஸ் என்னும் முதியவர் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் விடுவிக்கப்படுகிறார். வெளியுலகம் அவருக்கு அயலாகிவிட்டது. தங்க அறையும் செய்ய வேலையும் கிடைத்தும், அவ்வறையிலேயே தூக்கிட்டு இறக்கிறார். பல ஆண்டுகள் கழித்து ரெட்டும் விடுதலை பெறுகிறார். அவருக்குக் கிடைப்பதும் அதே அறை. அதே கடை வேலை. புரூக்ஸின் அச்சமே அவரையும் பற்றுகிறது. ஆனால் ரெட் இறக்கவில்லை. ஏன்? அவர் நெஞ்சுரம் மிக்கவர் என்பதாலா? அன்று. ஆண்டிக்கு அவர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: விடுதலையானால் குறித்த இடத்திற்குச் சென்று, ஒரு மரத்தடியில் புதைத்திருப்பதை எடுத்துப் பார்ப்பதாக. அவ்வாக்கு ஒன்றே இருவரையும் வேறுபடுத்துகிறது. நாளை நலமாக இருக்கும் என்று ரெட் கருதியதாக அந்நேரத்தில் தெரியவில்லை. ஒருவருக்குச் சொன்ன சொல் மீதமிருந்தது; அதை நிறைவேற்றப் புறப்பட்டார். நம்பிக்கை என்பது எதிர்காலத்தைப் பற்றிய கணிப்பு என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அது ஒருவகைக் கடப்பாடாகவும் இருக்கலாம் என்று இப்படம் எண்ண வைத்தது.

தமிழ்ப் படங்களில் இதற்கு நிகராக நிறுத்தத்தக்கது அதே 1994இல் வெளிவந்த ‘மகாநதி’. ஏமாற்றப்பட்டுச் சிறைப்பட்ட கிருஷ்ணசாமிக்கு உள்ளே ஆறுதலாக அமைபவர் பஞ்சாபகேசன் என்னும் முதிய கைதி. பூர்ணம் விஸ்வநாதன் அப்பாத்திரத்தில் நடித்தார். வெளியே குடும்பம் நலமாக இருக்கும் என்னும் எண்ணத்திலேயே கிருஷ்ணசாமியின் நாட்கள் கழிகின்றன. அவ்வெண்ணம் பொய்த்துவிடுகிறது, குடும்பம் சிதறிப்போகிறது. அவர் நம்பியது நிலைக்கவில்லை. நம்பாமலே கிடைத்த பஞ்சாபகேசனின் குடும்பத்து உறவே நிலைத்தது. ஆங்கிலப் படத்தைவிட இது கசப்பானது. வாழ்க்கைக்கு அணுக்கமானதும் இதுவே என்பது என் துணிபு.

இங்கே மாணவன் ஒருவன் என்னிடம் எழுப்பிய தடையைக் கூற வேண்டும். “ஐயா, வள்ளுவர் நட்பாராய்தல் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறாரே. ஆராயாமல் கொள்ளும் நட்பு கேடு என்கிறார். சிறையில் யாரை ஆராய்வது? பக்கத்துப் பாயில் யார் கிடக்கிறாரோ அவர்தானே நண்பர்? அது நட்பா, வேறு வழியின்மையா?” என்றான். நல்ல வினா. உடனே விடை கூறாமல் ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். உண்மையில் எனக்கே விடை தெரியவில்லை.

ஒரு பங்கு விடையை வ.உ.சிதம்பரனார் வாழ்வில் கண்டேன். 1908இல் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பெற்று, பின் அது குறைக்கப்பட்டு, 1912 டிசம்பரில் வெளிவந்தவர் அவர். கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்ததை அனைவரும் அறிவர். 1961இல் வந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ அதைச் சிறுவர் நெஞ்சிலும் பதித்தது. கண்ணனூர்ச் சிறையில் அவர் செய்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அங்கே உடனிருந்த கைதிகளுக்கு அவர் நீதி நூல்களைப் போதித்தார். அவர்கள் வேண்டியதற்கிணங்க எழுந்ததே ‘மெய்யறிவு’ என்னும் வெண்பா நூல். அக்கைதிகளை வழக்கறிஞராகிய அவர் வெளியில் தேர்ந்தெடுத்துப் பழகியிருப்பாரா? பழகியிருக்க மாட்டார். மதில் கூட்டிவைத்த உறவுதான் அது. ஆனால் கூட்டிவைத்தது மட்டுமே மதிலின் வேலை. அவர்களுக்காக உட்கார்ந்து வெண்பா யாத்தது அவருடைய தேர்வு. ஆராய்தல் நட்புக்கு முன்னரே நிகழ வேண்டும் என்பதில்லை. பழகிய பின், நாள்தோறும், இவனை விட்டுவிடுவதா வேண்டாவா என்று முடிவு செய்துகொண்டே இருப்பதும் ஆராய்தல்தான் என்று அம்மாணவனிடம் சொன்னேன். அவன் முழுதும் ஒப்பவில்லை. ஒப்ப வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

மறுபுறத்தையும் சொல்லியாக வேண்டும். மு. சந்திரகுமார் தம் பட்டறிவைக் கொண்டு எழுதிய ‘லாக்கப்’ என்னும் நூலும், அதைத் தழுவி வெற்றிமாறன் இயக்கிய ‘விசாரணை’யும் ஆந்திரத்தில் பிழைக்கச் சென்ற தமிழ்த் தொழிலாளர் செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளுமாறு வதைக்கப்பட்டதைக் கூறுவன. அங்கே நட்பு ஆறுதல் மட்டுமன்று. அதுவே வதைப்பதற்கு ஒரு கருவியுமாகும். ஒருவன் மேல் விழும் அடி மற்றவன் உறுதியை உடைக்கும். தனியனுக்கு ஓர் உடல்தான். நண்பனுடையவனுக்கு நோவதற்கு இரண்டு உடல். இதை அறியாமல் ‘சிறையில் மலர்ந்த நட்பு’ என்று கட்டுரை வரைவது வெறும் அலங்காரமாகிவிடும்.

மலையாளத்தில் வைக்கம் முகம்மது பஷீர் எழுதிய ‘மதிலுகள்’ என்னும் சிறு புதினத்தை நம் ஆசிரியர்கள் தேடிப் படிக்க வேண்டும். அடூர் கோபாலகிருஷ்ணன் அதைப் படமாக்கினார். ஆடவர் சிறைக்கும் மகளிர் சிறைக்கும் இடையே ஒரு மதில். அப்பாலிருந்து நாராயணி என்பவளின் குரல் கேட்கிறது. முகங்காணாமலே பேச்சு வளர்கிறது. ரோசாச் செடி மதிலைத் தாண்டுகிறது. தான் வந்திருப்பதை அறிவிக்க அவள் உலர்ந்த குச்சியொன்றை மேலே எறிவாள். இருவரும் சிறை மருத்துவமனையில் சந்திக்க நாள் குறிக்கின்றனர். அந்நாள் வருமுன்னரே அவருக்கு விடுதலை வந்துவிடுகிறது! யாருக்கு வேண்டும் இந்த விடுதலை என்னும் நிலையில் அவர் வெளியேறுகிறார். பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் கண்டு பழகாமலே கொண்ட நட்பை வியக்கும் தமிழருக்கு இக்கதை அயலாகாது. நட்பிற்கு உடனுறைதல் வேண்டுவதன்று, உணர்ச்சி ஒத்தலே போதும் என்று வள்ளுவர் கருதியதற்கு ஒரு சிறைமதில் உரையெழுதியது போல் இருக்கிறது. ஆனால் பஷீர் ஒன்றை நமக்குச் சொல்லாமல் விட்டார். குறித்த நாளில் நாராயணி மருத்துவமனைக்கு வந்து காத்திருந்திருந்தால், அவள் நிலை என்ன? காத்திருக்கச் சொன்னவர் போய்விட்டார். விடுதலை பெற்றவரின் துயரத்தை எழுதிய பேரெழுத்தாளர், உள்ளே நின்றுவிட்டவளை நம் எண்ணத்திற்கே விட்டுவிட்டார்.

அவளை எண்ணும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாயாரின் கடிதம் நினைவுக்கு வரும். நம் நாட்டில் 2023இல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டு, நீதிபதியே தண்டனையைத் தீர்மானிக்கும் வழி பிறந்தது. அவ்வாண்டு எத்தனையோ வீடுகளில் நம்பிக்கை என்னும் சொல்லுக்குப் புதிய கணக்கு வந்தது. தூக்குக்கு மாற்றாக 30 ஆண்டு, 40 ஆண்டு என்று. என் மாணவன் வழக்கு அவ்வகையைச் சேர்ந்ததன்று. ஆனாலும் அவனுக்கும் ஆண்டுகள் மிச்சமிருக்கின்றன.

அன்று அம்மையாரிடம், “அடுத்த வருசம் என்று நான் எழுத மாட்டேன் அம்மா. நீங்கள் காத்திருப்பதாக எழுதுகிறேன்” என்றேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுத் தலையசைத்தார். மனவருத்தம் இருந்தது தெரிந்தது. கடிதத்தில் பள்ளியின் பழைய கூரை மாற்றப்பட்டதையும், திடலோரத்து ரம்புத்தான் மரம் இவ்வாண்டும் காய்த்ததையும் எழுதினேன். அவனுடைய மறுமொழி ஏழு வாரங்கழித்து வந்தது. தன் அறையில் ஒரு முதியவர் இருப்பதாகவும், தோட்டத்திலே பிறந்து பள்ளி காணாத அவருக்கு அ, ஆ எழுதக் கற்பித்து வருவதாகவும், ‘ழ’கரம் மட்டும் அவர் வாயில் வரவில்லை என்றும் எழுதியிருந்தான். ‘நீங்கள் எங்களுக்கு எப்படி ஐயா சொல்லிக் கொடுத்தீர்கள்? நாக்கை எங்கே வைக்கச் சொன்னீர்கள்? மறந்துவிட்டது’ என்று கேட்டிருந்தான்.

அத்தாயாருக்கு அதை இரண்டு முறை படித்துக் காட்டினேன். பின்னர் வெள்ளைத் தாளொன்றை எடுத்து, நாநுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடும் இடத்தைப் படமாக வரைந்து, உறையில் வைத்து ஒட்டினேன்.