சிகரத்துக்குச் சில அடிகள் முன்னால்

1955-ஆம் ஆண்டு மே 25. உலகின் மூன்றாவது உயர்ந்த சிகரமாகிய காஞ்சன்ஜங்காவில் முதன்முதலாக இருவர் ஏறினர். ஜோ பிரவுன், ஜார்ஜ் பேண்ட் என்னும் அந்த ஆங்கிலேயர்கள், உச்சிக்குச் சில அடிகளே இருந்த நிலையில் நின்றுவிட்டனர். மறுநாள் ஏறிய அவர்களுடைய தோழர்கள் இருவரும் அவ்வாறே நின்று திரும்பினர். காரணம் களைப்பு அன்று. அம்மலையைத் தெய்வமாக வழிபடும் சிக்கிம் மக்களின் உணர்வை மதித்து, உச்சியை மிதிப்பதில்லை என்று அக்குழு சிக்கிம் மன்னருக்கு வாக்களித்திருந்தது.

எட்ட முடிந்தும் எட்டாமல் நின்ற அவர்கள் எதையேனும் இழந்தார்களா? இமயத்தை நோக்கிச் செல்லும் ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டிய வினா இது.

பக்தி உரிமையாகுமா?

கடல் மட்டத்திலிருந்து 3,583 மீட்டர் உயரத்தில் உள்ள கேதார்நாத்துக்கு 2023-ஆம் ஆண்டில் மட்டும் 19 லட்சத்துக்கும் அதிகமானோர் சென்றனர். கோயில் திறந்திருப்பதோ ஏறத்தாழ ஆறு மாதங்களே. அக்குளிரில் கழிவுகள் எளிதில் மக்குவதில்லை. புகையின் கரி பனியின்மீது படிந்தால், பனி கறுத்து, வெயிலின் வெப்பத்தை அதிகமாக ஈர்த்து விரைவாக உருகுகிறது. 2013 ஜூனில் பெருமழையும் சோராபாரி ஏரியின் உடைப்பும் மந்தாகினியில் பெருவெள்ளமாகப் பாய்ந்தன. அந்த மழையை யாத்திரிகர்கள் வரவழைக்கவில்லை. ஆனால் ஆற்றின் கரையை நெருங்கி எழுந்த கட்டடங்களும், அங்கே கூடியிருந்த கூட்டமும் உயிரிழப்பைப் பன்மடங்காக்கின.

‘நான் சுற்றுலாப் பயணி அல்லன்; இறைவனைக் காண வந்தவன்’ என்று பக்தர் கூறலாம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் நோக்கம் தூயது என்பதால் செயலின் விளைவு மாறிவிடாது. பக்தர் எறிந்த பாட்டிலும் பயணி எறிந்த பாட்டிலும் ஒரே ஆற்றில்தான் விழுகின்றன.

பதஞ்சலி முனிவர் யோகத்தின் முதல் படியாகக் கூறும் யமங்கள் ஐந்து. அவற்றுள் அஸ்தேயம் என்பது பிறர் பொருளைக் கவராமை; அபரிக்கிரகம் என்பது தேவைக்கு மேல் கொள்ளாமை. மலையின் தூய நீர் அடிவாரத்து மக்களுக்கும் இனிப் பிறக்கப் போகிறவர்களுக்கும் உரியது. அதனைக் கெடுப்பது அவர்கள் பொருளைக் கவர்வதே அல்லவா? தரிசனத்தின் பெயரால் செய்தாலும் கவர்தல் கவர்தலே.

மலைவாசிகள் என்ன செய்வார்கள்?

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழுகிறது. கோவேறு கழுதை ஓட்டுபவர், டோலி சுமப்பவர், தேநீர்க் கடை வைத்திருப்பவர் ஆகியோர் ஆறு மாத வருமானத்தில் ஆண்டு முழுவதும் வாழ வேண்டியவர்கள். கூட்டத்தைக் குறைத்தால் அவர்கள் அடுப்பு எரியுமா? நடக்க இயலாத முதியவர்களின் ஏக்கத்துக்கு என்ன விடை?

இக்கேள்விகளை ஒதுக்கிவிட்டு இயற்கையைப் பற்றிப் பேசுவது கருணையாகாது. ஆனால் ஹெலிகாப்டரில் வந்து அன்றே திரும்புகிறவரால் கிராமம் பெறுவது சிறிது. நடந்து சென்று, கிராமத்து வீட்டில் தங்கி, அங்கு விளைந்ததை உண்டு, நான்கு நாட்கள் இருப்பவரால் அது பெறுவது அதிகம். காஞ்சன்ஜங்காவின் அடிவாரத்து யுக்சம் கிராம மக்கள் 1996-இல் பாதுகாப்புக் குழு ஒன்றை அமைத்தனர். மலையேற வருபவர்களுக்காகக் காட்டு மரத்தை எரிப்பதைத் தடுத்தனர். தங்கள் வீடுகளிலேயே விருந்தினரைத் தங்கவைத்தனர். காடும் காக்கப்பட்டது, பிழைப்பும் நடந்தது.

சோன்பிரயாகையிலிருந்து கேதார்நாத்துக்கு ரோப்கார் அமைக்க மத்திய அரசு 2025 மார்ச்சில் ஒப்புதல் அளித்தது. எட்டு, ஒன்பது மணி நேரப் பயணத்தை அது 36 நிமிடங்களாகக் குறைக்கும். நாளொன்றுக்கு 18,000 பேரைச் சுமக்கும் என்பது திட்டம். முதியவர்களுக்கு அது வரமாகலாம். நடக்க வல்லவரும் அதில் ஏறிக் கூட்டத்தைப் பெருக்கினால், வரமே பாரமாகிவிடும்.

இறைவனே காட்டும் வழி

எல்லை வகுப்பது நம் மரபுக்குப் புதியதன்று. ஆண்டுதோறும் பனிக்காலத்தில் கேதார்நாதர் கோயில் நடை சாத்தப்படுகிறது. உற்சவ மூர்த்தி டோலியில் எழுந்தருளி, கீழே ஊக்கிமடத்தில் பூஜையை ஏற்கிறார். மலை ஓய்வு கொள்கிறது, வழிபாடு நிற்பதில்லை. கங்கை பிறக்கும் கோமுகத்துக்கு நாளொன்றுக்கு 150 பேர் மட்டுமே என 2008-இல் வகுக்கப்பட்ட விதியும் இம்மரபின் தொடர்ச்சியே.

ஆகவே யாத்திரை செல்பவர் சில விரதங்களை மேற்கொள்ளலாம். இயன்ற தூரம் ரயிலிலும் பேருந்திலும் செல்லுதல், கால்களால் ஏறுதல், கொண்டுசென்றதன் குப்பையைத் திருப்பிக் கொண்டுவருதல் ஆகியன எளியவை. இவற்றினும் கடினமானது ஒன்று உண்டு: ‘இந்த ஆண்டு இடமில்லை’ என்று கூறப்படும்போது, குறுக்கு வழி தேடாமல் அதனையும் பிரசாதமாக ஏற்றல். அவ்வாறு வீட்டிலேயே இருந்து கேதார்நாதரை நினைத்துக் கைகூப்புகிறவரின் வணக்கம் அவரைச் சேராமல் போகுமா?