காணா உழைப்பு

மார்கழிப் பனியில், விடியுமுன் தங்கவயல் மைதானத்தில் ஓடிப் பழகும் இளைஞனை ஊர் அறிவதில்லை. பரிசு பெறும் நாளிலேயே அறிகின்றது. பரிசு கிட்டாவிடில் அவ்வுழைப்பு வீணாமோ?

1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நூறில் ஒரு நொடியில் வெண்கலத்தை இழந்தார் பி.டி. உஷா. அந்நொடிக்குப் பின்னிருந்த ஆண்டுகளை எக்கடிகாரம் அளக்கும்? திரைமறைவில் உழைக்கும் பயிற்சியாளர்களைப் போற்ற 1985இல் துரோணாச்சாரியார் விருது தோன்றியது. முதலாண்டிலேயே அவர்தம் ஆசான் ஓ.எம். நம்பியார் அதனைப் பெற்றார்.

இவ்வுண்மை நமக்குப் புதிதன்று. சாம்பியன் ரீப் சுரங்கத்தில் மூவாயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கினர் நம் முன்னோர். உலகம் கண்டது பொன்னை, வியர்வையை அன்று. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. அவ்வியர்வையோ நம் பிள்ளைகளின் கல்வியாய் நிலைத்தது.

ஆதலின், பனியில் ஓடும் பிள்ளைக்கும், அவனுக்கு முன்னெழுந்து அடுப்பு மூட்டும் அன்னைக்கும், வெற்றிக்குக் காத்திராமல் இன்றே நன்றி நவில்வோம்.