வெந்நீர் யார் போடுவது?

நேபாளத்தின் மேற்கு மலைகளில் பாஜுரா என்று ஒரு மாவட்டம். 2019 ஜனவரியில் அங்கே ஒரு பெண் மாதவிலக்குக்காகத் தனிக் குடிசைக்குப் போனாள். இரண்டு மகன்களும் கூடப் போய்ப் படுத்தார்கள். ஜன்னல் இல்லாத குடிசை. நடுக்கும் குளிர். கொஞ்சம் தீ மூட்டினாள். காலையில் மூன்று பேரும் பிணம். புகை மூச்சை அடைத்துவிட்டது. சௌபாடி என்னும் இந்த வழக்கத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2005-லேயே தடை செய்திருந்தது. 2017-ல் சட்டமும் நிறைவேறியது: ஒரு பெண்ணை இப்படி ஒதுக்கி வைத்தால் மூன்று மாதச் சிறை அல்லது 3,000 ரூபாய் அபராதம். அந்தச் சட்டம் மலை ஏறுவதற்குள் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மலைநாட்டு மூடத்தனம் என்று உச்சுக் கொட்டுகிறீர்களா? 2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல். பட்டுக்கோட்டை அருகே அணைக்காட்டில், பூப்பெய்தியதற்காக வீட்டுக்கு வெளியே குடிசையில் வைக்கப்பட்டிருந்த சிறுமி மேல் தென்னை விழுந்தது. செத்துப்போனாள். புயல் வருவது ஊருக்கே தெரியும். தெரிந்தும் அவளை உள்ளே கூப்பிட விடாமல் தடுத்தது எது? தீட்டு என்று பதில் சொல்வீர்கள். தீட்டுக்குக் கையும் காலும் கிடையாது. கதவைச் சாத்தியது மனிதக் கை.

சாவை விடுங்கள், அது அபூர்வம். வலி மாதாமாதம் வருகிறது. அதற்குச் சாபமும் காரணமில்லை, சாமி குற்றமும் காரணமில்லை. கருப்பையின் உட்சுவர் உதிரும்போது புராஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள் சுரக்கிறது. அது கருப்பைத் தசையை இறுக்கிப் பிழிகிறது. இறுகும்போது அங்கே ரத்த ஓட்டம் குறைகிறது, வலிக்கிறது. இந்த வலியைக் குளிர் உண்டாக்குவதில்லை. ஆனால் குளிரில் உடம்பு குறுகுகிறது, தசைகள் விறைக்கின்றன, ஏற்கெனவே வலிக்கிறவளுக்குத் தாங்கும் தெம்பு இன்னும் குறைகிறது. சூடு பட்டால் தசை தளர்கிறது, ரத்தம் ஓடுகிறது. அடிவயிற்றில் வைத்த வெப்பப் பட்டை ஐபுபுரூஃபன் மாத்திரைக்கு இணையாக வலியைத் தணித்ததை 2001-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. நம் பாட்டிகளுக்கு ஆய்வு தேவைப்படவில்லை. தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தார்கள்.

அந்தத் தவிட்டை எங்கே வறுப்பது? அடுக்களையில். வெந்நீர் எங்கே கொதிக்கிறது? அதே அடுக்களையில். விலக்கானவள் எங்கே போகக் கூடாது? நீங்களே சொல்லுங்கள். மருந்து உள்ளே, நோயாளி வெளியே. அவளுக்குத் தனிப் பாய், தனித் தட்டு, வீட்டில் இருப்பதிலேயே கிழிந்த போர்வை. மூன்றாம் நாள் விடியற்காலையில் தலைக்குப் பச்சைத் தண்ணீர். மார்கழிப் பனியில் இதைச் செய்யச் சொல்வதற்கு ஒரே ஒரு மருத்துவக் காரணம் உண்டா? உண்டென்றால் காய்ச்சலில் கிடக்கும் மகனுக்கும் அதே தண்ணீரை ஊற்றலாமே!

“அந்தக் காலத்தில் பெண்ணுக்கு ஓய்வு கொடுக்கத்தான் அப்படி ஒதுக்கி வைத்தார்கள்” என்று படித்தவர்கள் ஒரு சமாதானம் சொல்வார்கள். நல்ல ஓய்வுதான்! வேண்டாம் என்று அவள் மறுக்க முடியுமா? அடுப்பைத் தொடக் கூடாதவள் வயலில் களை பறிக்கலாம், மாட்டுக்குப் புல் அறுக்கலாம் என்றால் அது என்ன ஓய்வு? ஓய்வு கொடுக்கிறவன் கட்டிலைக் கொடுப்பான், கம்பளியைக் கொடுப்பான். திண்ணையைக் கொடுக்க மாட்டான்.

“எங்கள் வீட்டில் அதெல்லாம் இல்லை” என்பவர்களுக்கும் ஒரு கேள்வி. உங்கள் மகள் சுருண்டு கிடந்தபோது என்ன சொன்னீர்கள்? “எல்லாருக்கும் வர்றதுதானே, பொறுத்துக்கோ.” “மாத்திரை போட்டா பின்னாடி குழந்தை தங்காது.” “கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்.” இரண்டாவது பொய். மாதத்தில் ஓரிரு நாள் முறையாகப் போடும் வலி மாத்திரையால் மலட்டுத்தன்மை வருவதில்லை. சாப்பிட்ட பிறகு, வலி முற்றும்வரை காத்திராமல் தொடக்கத்திலேயே போட்டால் நன்றாகக் கேட்கும். ஏனென்றால் அது புராஸ்டாகிளாண்டின் உருவாவதையே தடுக்கிறது. குடற்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

மூன்றாவது பேச்சு இன்னும் மோசம். கருப்பைக்குள் இருக்க வேண்டியதைப் போன்ற திசு வெளியே வளர்ந்து வதைக்கும் எண்டோமெட்ரியோசிஸ், குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மாத்திரைக்கும் ஒத்தடத்துக்கும் அடங்காத வலி, மாதம்தோறும் பள்ளிக்கு மட்டம் போட வைக்கும் வலி என்றால் அவளை மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். மாப்பிள்ளை வைத்தியரா?

இப்போது மாலை போட்ட சாமிகளிடம் வருகிறேன். உங்கள் விரத காலம் கார்த்திகையும் மார்கழியும். ஆண்டிலேயே குளிர் கூடிய நாட்கள். அந்த ஒரு மண்டலத்தில் மனைவிக்கு விலக்கு வந்தால் அவள் எங்கே படுக்கிறாள்? அக்கம்பக்கத்து வீட்டிலா, மாடி அறையிலா, வராந்தாவிலா? மாலை போட்டது நீங்கள். சபதம் உங்களுடையது, புண்ணியம் என்று ஒன்று இருந்தால் அதுவும் உங்கள் கணக்கில்தான் ஏறப்போகிறது. குளிரும் வலியும் மட்டும் எப்படி அவள் கணக்குக்குப் போயின? யாராவது ஒருவர் வெளியே படுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், வயிறு வலிக்காதவர் நீங்கள்தானே? பாயை எடுத்துக்கொண்டு நீங்கள் போங்கள். போவதற்கு முன் அடுப்பில் வெந்நீர் வைத்துவிட்டுப் போங்கள்.