யாருமில்லை வந்து போன தீவு

2024 ஜூலையில் ஒருநாள், கிரேக்கத்தின் சாந்தோரினி தீவில் உள்ளூர் நிர்வாகப் பொறுப்பில் இருந்த ஒருவர் முகநூலில் ஓர் அறிவிப்பு போட்டார். அன்று கப்பல்களில் வந்திறங்கும் பயணிகளின் எண்ணிக்கை மிக அதிகம், ஆகவே தீவு மக்கள் தங்கள் நடமாட்டத்தை முடிந்தவரை குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். எதிர்ப்பு கிளம்பியதும் பதிவை நீக்கிவிட்டார்கள். அந்தத் தீவில் நிரந்தரமாக வசிப்பவர்கள் ஏறக்குறைய 15,000 பேர். ஓர் ஆண்டில் வந்து போகிறவர்கள் முப்பது லட்சத்தைத் தாண்டுகிறார்கள். வீட்டுக்காரரை உள்ளே இருக்கச் சொல்லிவிட்டு விருந்தாளி முற்றத்தில் உலாவுவதைப் போன்றதுதான் அந்த அறிவிப்பு.

இந்தச் செய்தியை நான் படித்தபோது அம்மாவுக்கும் எனக்கும் கப்பல் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. 2025 செப்டம்பரில் போனோம். சாந்தோரினியில் எங்களுக்குக் கொடுக்கப்பட்டது ஏழு மணி நேரம். அந்த ஏழு மணி நேரத்தில் நான் அந்தத் தீவுக்கு யார்? விருந்தாளியா, வாடிக்கையாளனா, கூட்டத்தில் ஒரு தலையா? திரும்பி வந்து இத்தனை மாதமாகியும் அந்தக் கேள்வி விடவில்லை.

இலக்கியம் வாசிக்கிற நம்மிடையே இதற்கு ஒரு சுலபமான பதில் உண்டு. முதுகில் பையை மாட்டிக்கொண்டு பேருந்திலும் ரயிலிலும் போகிறவன் பயணி, குரூஸ் கப்பலில் போகிறவன் வெறும் டூரிஸ்ட். முன்னவன் அனுபவிக்கிறான், பின்னவன் படம் எடுக்கிறான். அந்த ஏளனத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்தி முப்பது ஆண்டுகள் நின்றபடியே வேலை செய்ததில் இரண்டு முட்டியும் போய்விட்டன. ஒவ்வொரு ஊரிலும் பெட்டியைத் தூக்கி, படியேறி, அறை மாற்றி உலகம் பார்க்க அவரால் முடியாது. படுக்கையும் கழிப்பறையும் கூடவே வருகிற ஒரே வாகனம் கப்பல். சொல்லப்போனால், 'உண்மையான பயணி' என்ற பட்டத்துக்கு முதல் தகுதி நல்ல முட்டிதான். ஆகவே அந்தப் பிரிவினையை ஒதுக்கி வைக்கிறேன். தீவைப் பொறுத்தவரை பை மாட்டியவனும் ஒரு தலை, அம்மாவும் ஒரு தலை.

அம்மாவுக்கு அங்கே போக உரிமை உண்டா என்று கேட்டால், இம்மானுவேல் காண்ட் உண்டு என்பார். 1795இல் எழுதிய நிரந்தர அமைதி பற்றிய நூலில் அவர் இரண்டு உரிமைகளைப் பிரிக்கிறார். ஒன்று, வந்து பார்க்கும் உரிமை. மற்றது, விருந்தாளியாக இருக்கும் உரிமை. முதலாவது எல்லா மனிதர்களுக்கும் உண்டு. பூமி உருண்டை, அதன் பரப்புக்கு ஓர் எல்லை இருக்கிறது, மனிதர்கள் முடிவில்லாமல் விலகிப் போய்க்கொண்டே இருக்க முடியாது, ஆகவே ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அமைதியாக வந்து நிற்கிறவனைப் பகைவனாக நடத்தக்கூடாது. ஆனால் விருந்தாளியாக இருப்பது உரிமையல்ல. அதை வீட்டுக்காரர் மனமுவந்து கொடுக்க வேண்டும். பார்க்க வந்தவர்கள் ஊரையே தமதாக்கிக்கொண்ட ஐரோப்பியக் காலனியத்தைக் கண்டித்துக்கொண்டேதான் காண்ட் இதை எழுதுகிறார் என்பது நமக்கு முக்கியம்.

கப்பல் நிறுவனங்கள் நம்மை 'விருந்தினர்' என்றே அழைக்கின்றன. கப்பலுக்குள் அது வியாபார மரியாதை. கரையில் இறங்கியதும் அந்தச் சொல் பொய்யாகிவிடுகிறது. தமிழில் விருந்து என்ற சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை, புதிதாக வந்தவர். கிரேக்கத்தில் க்ஸெனோஸ் என்ற ஒரே சொல் அந்நியனையும் விருந்தாளியையும் குறிக்கும். இரண்டு மொழியிலும் அந்நியன் விருந்தாளியாக மாறுகிற ஒரு சடங்கு இருந்தது. ஹோமரின் உலகில் வந்தவனுக்கு முதலில் உணவு, பிறகுதான் கேள்வி. ஆனால் அந்தக் கேள்வி கட்டாயம் வரும்: நீ யார், எந்த ஊர், உன் பெற்றோர் யார்? பெயரைச் சொன்ன பிறகே உறவு. அந்த உறவுக்குக் கடமையும் உண்டு. இன்று நான் உன் வீட்டில் சாப்பிட்டால் நாளை உனக்கும் உன் பிள்ளைக்கும் என் வீட்டில் இலை போட வேண்டும்.

சாந்தோரினியில் என் பெயரை யாரும் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. அங்கே கப்பல் கரையைத் தொடுவதில்லை. பழைய எரிமலை வெடித்து உள்வாங்கியதில் உண்டான ஆழமான கடலில் அது நிற்கும். உள்ளூர்க்காரர்களின் சிறுபடகுகள் வந்து நம்மைப் பழைய துறைமுகத்துக்குக் கொண்டுபோகும். இறங்குவதற்கு ஒரு குழு எண் கொடுப்பார்கள். எங்களுடையது 14. செங்குத்துப் பாறைக்கு மேலே இருக்கிற ஃபிரா நகருக்குப் போக மூன்று வழிகள்: கேபிள் கார், கோவேறு கழுதை, ஏறக்குறைய அறுநூறு படிகள். நாங்கள் கேபிள் கார் வரிசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். பக்கத்தில் கழுதைகள் வெயிலில் நின்றன. ஒரு விலங்கின் மேல் அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமை ஏற்றக்கூடாது என்று கிரேக்க அரசு 2018இல் விதி போட்டிருக்கிறது. அதை அம்மாவிடம் சொன்னேன். "அப்ப என்னை ஏத்த ரெண்டு கழுத வேணும்," என்று சிரித்தார்.

கழுதையின் முதுகில் ஏறுகிற சுமை ஒரே ஆள். அதை அளந்துவிடலாம். தீவின் முதுகில் ஏறுவது அப்படியல்ல. நான் போகாமல் இருந்திருந்தால் அன்றைய வரிசை ஓர் ஆள் குறைந்திருக்கும். அதை யாரும் உணர்ந்திருக்க மாட்டார்கள். தத்துவவாதி டெரக் பார்ஃபிட் 1984இல் வெளியான தன் நூலில் ஒரு கற்பனைக் கதை சொல்கிறார். ஆயிரம் பேர் சித்திரவதைக்கு உள்ளாகிறார்கள். அவர்களை வதைக்கும் ஆயிரம் பேரும் ஆளுக்கு ஒரு பொத்தானை ஒரே ஒருமுறை அழுத்துகிறார்கள். ஒரு பொத்தான் எல்லாருடைய வலியையும் கூட்டுகிறது, ஆனால் உணர முடியாத அளவுக்கு. ஆயிரம் பொத்தான்களும் அழுத்தப்பட்ட பிறகு எல்லாரும் தாங்கமுடியாத வலியில் இருக்கிறார்கள். இதில் யார் குற்றவாளி? நான் செய்ததில் ஒரு வித்தியாசமும் இல்லையே என்று ஆயிரம் பேரும் சொல்லலாம். என் செயல் தனியாக என்ன செய்தது என்று மட்டும் பார்ப்பது கணக்கில் பிழை, நாம் சேர்ந்து என்ன செய்தோம் என்றும் பார்க்க வேண்டும் என்பது பார்ஃபிட்டின் வாதம். சுற்றுலா சித்திரவதை அல்லதான். ஆனால் கணக்கு அதே கணக்கு.

இந்த இடத்தில் எனக்கு ஒடிசியஸ் நினைவுக்கு வருகிறான். ஒடிசியின் ஒன்பதாம் பகுதியில் அவன் மற்றக் கப்பல்களைப் பக்கத்துத் தீவில் நிறுத்திவிட்டு, எதிர்க்கரையில் எப்படிப்பட்டவர்கள் வசிக்கிறார்கள் பார்ப்போம் என்று தன் கப்பலில் போகிறான். அவனுக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. ஆர்வம், அவ்வளவுதான். பன்னிரண்டு பேரோடு ஒரு குகைக்குள் நுழைகிறான். வீட்டுக்காரன் ஆடு மேய்க்கப் போயிருக்கிறான். அவனுடைய பாலாடைக்கட்டியை எடுத்துச் சாப்பிடுகிறார்கள். வேண்டியதை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று ஆட்கள் கெஞ்சுகிறார்கள். ஒடிசியஸ் மறுக்கிறான். வீட்டுக்காரனைப் பார்க்க வேண்டும், விருந்தாளிக்குரிய பரிசு வாங்க வேண்டும். மீதிக் கதை உங்களுக்குத் தெரியும். வீட்டுக்காரனான ஒற்றைக்கண் பாலிஃபீமஸ் ஆறு பேரைத் தின்கிறான். அதை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அதற்கு முன்பு நடந்ததைக் கவனியுங்கள். அழைப்பில்லாமல் நுழைந்தவன் தன்னை விருந்தாளி என்று அறிவித்துக்கொள்கிறான். மேற்கத்திய இலக்கியம் பதிவு செய்த முதல் கரைச் சுற்றுலா இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெயர் கேட்டபோது ஒடிசியஸ் சொன்ன பதில்: 'யாருமில்லை.' அதுவே அவனைக் காப்பாற்றுகிறது. கண்ணை இழந்த பாலிஃபீமஸ் அலறுகிறான். உன்னைத் துன்புறுத்துவது யார் என்று அக்கம்பக்கத்தார் கேட்கிறார்கள். யாருமில்லை என்கிறான். யாருமில்லை என்றால் எங்களால் என்ன செய்ய முடியும் என்று அவர்கள் போய்விடுகிறார்கள்.

ஃபிராவின் குறுகலான சந்துகளை அடைத்தது யார்? யாருமில்லை. எரிமலைச் சாம்பல் படிவைக் குடைந்து ஏழைகள் கட்டிய குகை வீடுகளைத் தங்கும் விடுதிகளாக்கியது யார்? யாருமில்லை. நான் ஒரு காப்பி குடித்தேன், ஒரு படம் எடுத்தேன், திரும்பிவிட்டேன். குழு எண் 14க்கு முகம் இல்லை. ஒடிசியஸ் தந்திரமாகச் சூட்டிக்கொண்ட பெயரைக் கப்பல் நமக்கு டிக்கெட்டோடு இலவசமாகக் கொடுத்துவிடுகிறது.

தீவு மக்களை வெறும் பாவப்பட்டவர்களாக்குவதும் தவறு. 1956 ஜூலையில் வந்த நிலநடுக்கத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், வீடுகள் சரிந்தன, பலர் தீவை விட்டே போனார்கள். சுற்றுலா வராமல் இருந்திருந்தால் அங்கே எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்? எங்களை ஏற்றிய படகோட்டிக்கும் கழுதைக்காரருக்கும் நாங்கள்தான் சோறு. இப்போது கப்பல் பயணிகளிடம், கூட்டம் மிகுந்த மாதங்களில், ஆளுக்கு 20 யூரோ வரி வாங்குகிறார்கள். ஒரு நாளைக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று வரம்பும் வகுத்திருக்கிறார்கள். இவை இரண்டும் ஒன்றல்ல. 20 யூரோ என்னை நிம்மதியாக்குகிறது. அதான் காசு கொடுத்தாச்சே என்று நினைக்க வைக்கிறது. பணம் கொடுத்தவன் நன்றி சொல்ல வேண்டியதில்லை, மன்னிப்பும் கேட்க வேண்டியதில்லை. 8,000 என்ற எண் அப்படியல்ல. உனக்கு இடமில்லை என்று சொல்லும் வாய் அதற்கு இருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல முடிகிற வீட்டில்தான் வா என்ற சொல்லுக்கும் பொருள் உண்டு.

அன்று எங்களிடம் பெயர் கேட்ட ஒரே ஒருவர், பின்சந்தில் சிறிய மளிகைக்கடை வைத்திருந்த மூதாட்டி. அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து நாற்காலி எடுத்துப் போட்டார். மலேசியா என்றதும், "சிங்கப்பூர் பக்கமா?" என்றார். அவருடைய கணவர் சரக்குக் கப்பலில் வேலை செய்தவராம். சிங்கப்பூரில் பலமுறை இறங்கியிருக்கிறாராம். ஒவ்வொரு முறையும் ஒரு நாள், சில சமயம் அரை நாள். அந்த மாலுமியும் நம் கரையில் பெயர் கேட்கப்படாமல் நடந்தவர்தான். அம்மாவும் அவரும் பெயர் சொல்லிக்கொண்டார்கள். அது அவர்கள் இருவருக்கும் சொன்னது, இங்கே எழுதவில்லை.

இதைப் பெரிதுபடுத்தி, 'மனிதம் வென்றது' என்று முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. ஒரு நாற்காலியால் கேபிள் கார் வரிசை ஓர் ஆள்கூடக் குறையவில்லை. எட்டாயிரம் பேருக்கும் நாற்காலி போட அந்த மூதாட்டியால் முடியாது.

அன்றிரவு உணவுமேசையில் பரிமாறிய இந்தோனேசிய இளைஞர் அம்மாவிடம், "சுடா மாக்கான், இபு?" என்று கேட்டார். இரண்டு பேருக்கும் மலாய் பேச வாய்த்ததில் கப்பல் முழுக்க அம்மாவுக்கு அவர்தான் சொந்தம். தீவு எப்படி இருந்தது என்றார். அந்தப் பருவத்தில் அவர் ஒன்பது முறை சாந்தோரினிக்கு வந்திருக்கிறார், இரண்டே முறை இறங்கியிருக்கிறார். நாங்கள் ஏழு மணி நேரம் கரையில் இருப்பதற்காக அவர் கப்பலில் இருக்கிறார். என் கணக்கில் அவரையும் சேர்க்க வேண்டியிருந்தது.

கேபினுக்கு வந்த பிறகு அம்மாவிடம் கேட்டேன். நாளைக்கு இந்தத் தீவு வரம்பைப் பாதியாகக் குறைத்து, அதனால் நமக்கு இடம் கிடைக்காமல் போயிருந்தால்? அம்மா யோசிக்கவே இல்லை. "கேன்டீன்ல எண்பது பேருக்குத்தான் சமைப்பேன். எண்பத்தோராவது பிள்ளை வந்தா மனசு கஷ்டமாத்தான் இருக்கும். அதுக்காக எல்லார் தட்டுலயும் பாதிப் பாதியா போட முடியுமா?" என்றார். பிறகு, "ஆனா அந்த எண்பத்தோராவது பிள்ளை நானா இருந்தா அழுவேன்பா," என்று சேர்த்துக்கொண்டார்.

இந்த இரண்டு வாக்கியங்களும் சேர்ந்ததே என் பதிலும். வரம்பு வேண்டும் என்று சொல்வது எளிது, அது மற்றவர்களுக்காக இருக்கும்வரை. பார்த்துவிட்டு வந்தவன் கூட்டம் அதிகம் என்று எழுதுவதில் ஒரு மோசடி இருக்கிறது. வரம்பை ஆதரிக்கிறவன் அதற்கு வெளியே நிற்கப்போகிறவர்களில் தன்னையும் தன் தாயையும் எண்ணிக்கொள்ள வேண்டும். அழுதுகொண்டேயாவது அதை நியாயம் என்று ஒப்புக்கொள்ள முடிந்தால்தான் 'யாருமில்லை' என்ற பெயரைக் கழற்றியவனாவான்.

ஒடிசியஸும் கடைசியில் அதைக் கழற்றினான். தப்பித்துக் கடலில் போகும்போது, வாயை மூடு என்று ஆட்கள் கெஞ்சியும் கேட்காமல், தன் பெயரையும் தகப்பன் பெயரையும் ஊரையும் கரையை நோக்கிக் கத்தினான். அதைப் பிடித்துக்கொண்டுதான் பாலிஃபீமஸ் தன் தந்தையான கடற்கடவுளிடம் அவனுக்கு எதிராக வேண்டினான். உரையாசிரியர்கள் பலர் அதை ஒடிசியஸின் ஆணவம் என்பார்கள். இருக்கலாம். ஆனால் அந்தத் தீவில் அவன் செய்தவற்றில் விலை கொடுக்க வேண்டிவந்த ஒரே உண்மைப் பேச்சு அதுதான்.