ஞாயிற்றுக்கிழமை அடுப்பும் ஆகார சுத்தியும்

ஆகாரம் தூயதானால் உள்ளமும் தூயதாகும் என்று சாந்தோக்கிய உபநிஷதம் உபதேசிக்கிறது. 'ஆகாரம்' என்ற சொல்லுக்கு, புலன்கள் வழியாக உள்ளே கொண்டுவரப்படும் அனைத்தும் என்று பொருள் கண்டார் ஆதிசங்கரர். ராமானுஜரோ அதை உண்ணும் உணவாகவே கொண்டு, உணவைக் கெடுக்கும் மூன்று தோஷங்களை எடுத்துக் கூறினார். பொருளின் இயல்பிலேயே உள்ளது ஜாதி தோஷம். தருபவரிடமிருந்து வந்து சேர்வது ஆசிரய தோஷம். தூசி, மயிர் போன்றவை கலப்பதால் நேர்வது நிமித்த தோஷம். சுவாமி விவேகானந்தர் பக்தி யோகத்தை விளக்கும்போது இவ்விரு ஆசாரியர்களின் கருத்தையும் எடுத்துக்கொண்டு, இரண்டுமே தேவை என்றார்.

இந்த விளக்கங்களைப் படிப்பவர் மனத்தில் பெரும்பாலும் எழுவது ஓய்வும் வசதியும் உள்ள ஒரு சமையலறையே. காலையில் நீராடி, அன்றன்று அரைத்து, அன்றன்று சமைத்து, இறைவனுக்குப் படைத்த பின் உண்ணும் வீடு அது. மாத வருமானம் இருபதாம் தேதியிலேயே தீர்ந்துபோகும் வீட்டில், வாரத்தில் ஆறு நாள் தாய் வேலைக்குச் செல்லும் வீட்டில், பிறருக்கு அமுதமான ஒரு தானியம் ஒரு குழந்தைக்கு மட்டும் நஞ்சாகிவிடும் வீட்டில், ஆகார சுத்தி எவ்வாறு அமையும்?

பஞ்சாபின் லூதியானாவில் அத்தகைய ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். பின்னலாடைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரம் அது. தாய் ஒரு தொழிற்கூடத்தில் தையல் வேலை செய்கிறார். தந்தை சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். பாட்டி, எட்டு வயது மகள், அவளுக்கு இளையவனான ஒரு மகன் ஆகியோருடன் சேர்த்து வீட்டில் ஐந்து பேர். மகளுக்குச் சீலியாக் நோய்.

கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம், இந்நோய் உள்ளவர்களின் சிறுகுடல் உட்சுவரைச் சிதைத்துவிடும். உண்ட உணவின் சத்து உடலில் ஒட்டாது. குழந்தைக்கு ரத்தசோகை காணும்; வளர்ச்சி குன்றும். வட இந்தியாவில் ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு இது இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. குணப்படுத்தும் மருந்து இல்லை. வாழ்நாள் முழுவதும் அத்தானியங்களை அடியோடு விலக்குவது ஒன்றே வழி. கோதுமையே காரணம் என்பதை நிறுவியவர் வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காமல் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி வாடியபோது, இந்நோயுற்ற குழந்தைகள் அதனால் கேடுறவில்லை என்பது அவரது நெடுநாளைய ஐயத்தை உறுதிப்படுத்தியது. ஊரே பட்டினி கிடந்த காலம் சிலருக்கு உண்மையை உணர்த்திய காலமாயிற்று.

லூதியானாக் குடும்பத்தின் இக்கட்டு வேறு வகையானது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, முன்னுரிமைக் குடும்பங்களில் ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியம் உண்டு. 2023 ஜனவரி முதல் அது விலையின்றியே தரப்படுகிறது. பஞ்சாபில் அது பெரும்பாலும் கோதுமையாகவே வருகிறது. ஐந்து பேருக்கு 25 கிலோ. அதில் 5 கிலோ மகளின் பெயரில் வருவது, மகள் தொடக்கூடாதது. குளூட்டன் அற்றது என்று அச்சிட்டுப் பொட்டலமாக விற்கும் மாவின் விலையோ கோதுமை மாவைப்போலப் பல மடங்கு. ஆகவே அரிசி, மக்காச்சோளம், கம்பு, பயறு, ராஜ்மா, உருளைக்கிழங்கு ஆகியவற்றைக் கொண்டே தாய் அந்தக் குழந்தையின் ஏழு நாட்களையும் கணக்கிட வேண்டியிருக்கிறது.

அந்தக் கணக்கு ஞாயிற்றுக்கிழமையில் முடிவாகிறது. காய்கறிச் சந்தை கலையும் மாலை நேரத்தில் விலை இறங்கும், பை நிறையும். வெங்காயமும் தக்காளியும் நன்கு வதங்கிக் கெட்டியாகும்வரை கிளறப்பட்டு, மூன்று நாட்களுக்கான மசாலா ஆகிறது. பச்சைப்பயறு ஊறவைத்து முளைகட்டப்படுகிறது. முளைக்கும்போது அதில் வைட்டமின் சி உண்டாகிறது; பயறின் இரும்புச்சத்து உடலில் சேர அது துணை செய்யும். அரிசியும் பருப்பும் சேர்ந்த கிச்சடியில் ஒன்றின் புரதக் குறையை மற்றொன்று நிரப்பும். நோயாளியின் உணவு என்று பலர் இளக்காரமாகப் பேசும் கிச்சடி, ரத்தசோகையுள்ள ஒரு குழந்தைக்குக் குறைந்த செலவில் கிடைக்கும் நல்ல உணவு.

ராமானுஜர் கூறிய தோஷங்கள் இந்தச் சமையலறையில் புதிய பொருள் பெறுகின்றன. வேள்விக்கும் விருந்துக்கும் உரிய கோதுமை, அந்தச் சிறுமிக்கு ஜாதி தோஷம் உடையது. நிமித்த தோஷமோ எங்கும் ஒளிந்திருக்கிறது. கோதுமை அரைத்த இயந்திரத்தில் மக்காச்சோளத்தை அரைத்தால் அது கெட்டது. சப்பாத்தி தேய்த்த பலகை, பூரி பொரித்த எண்ணெய், மாவு சலித்த சல்லடை எல்லாமே ஆகாதவை. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும் என்பதைத் தாய் அறிந்துகொள்ளவே சில மாதங்கள் ஆயின. மகளின் தானியம் வீட்டிலேயே கழுவி, உலர்த்தி, சிறிது சிறிதாக அரைக்கப்படுகிறது. அவளுடைய ரொட்டி முதலில் சுடப்பட்ட பிறகே வீட்டில் கோதுமை மாவு வெளியே எடுக்கப்படும். முன்னோர் ஆசாரம் என்று எதைக் கைக்கொண்டனரோ, அதன் முழுக் கண்டிப்பும் இங்கே ஒரு குழந்தையின் குடலை முன்னிட்டு நடைபெறுகிறது. எவரையும் விலக்கி நிறுத்தாத ஆசாரம் இது.

பாட்டியின் மனம் வேறொன்றில் தடுக்கியது. ஞாயிறு சமைத்ததைப் புதன்கிழமை உண்பதா? கீதையின் பதினேழாம் அத்தியாயம், வேளை கடந்த உணவையும் இரவு தங்கிய உணவையும் தாமச உணவின் வரிசையில் வைக்கிறதே! முறையான கேள்விதான். ஆதிசங்கரர் தம் உரையில் முதற்சொல்லுக்குச் சரியாக வேகாதது என்றே பொருள் கூறுகிறார்; இரண்டாவதைத்தான் சமைத்து ஓரிரவு கடந்தது என்கிறார். தர்ம சாத்திரமோ நெய், எண்ணெய் சேர்ந்தவற்றுக்கும் கோதுமை, பார்லியால் ஆனவற்றுக்கும் விலக்கு அளிக்கிறது. (அந்த விலக்கில் பாதி இச்சிறுமிக்குப் பயன்படாமற்போனது வேடிக்கை!) குஜராத்தில் சிராவண மாதத்து ராந்தண் சஷ்டியன்று சமைத்து வைத்து, மறுநாள் அடுப்பை மூட்டாமல், சீதளா தேவியை வணங்கி அந்தப் பழைய உணவையே உண்கிறார்கள். ஈரமுள்ள உணவை இரவு தாண்ட விடாத சமணர்கள், ஈரம் போகச் சுட்ட காக்ராவைப் பல நாள் வைத்து உண்கிறார்கள்.

ஈரமே இங்கு உரைகல். விஞ்ஞானமும் அதையே கூறுகிறது. அரிசியில் உள்ள ஒருவகை நுண்ணுயிரின் விதைகள் கொதிநீரிலும் மடிவதில்லை; சோற்றை வெளியே நெடுநேரம் வைத்தால் அவை பெருகி நஞ்சைக் கக்கும். அதை மீண்டும் சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. பாட்டியின் அச்சம் மூடநம்பிக்கையன்று. மருமகளின் தேவையும் சோம்பலன்று. நாளடைவில் இருவருக்கும் இடையே ஓர் ஏற்பாடு உருவாயிற்று. சோறும் ரொட்டியும் அன்றன்று. மக்காச்சோள ரொட்டி ஆறினால் எப்படியும் விறைத்துவிடும். வறுத்த பொடி, ஆய்ந்த பருப்பு, சுண்டிய மசாலா ஆகியவை மட்டும் முன்கூட்டியே. வடித்த ஈரம் எதுவும் சிறிய குளிர்பெட்டியில் ஓரிரவுக்குமேல் தங்காது.

ஆசிரய தோஷம்தான் எல்லாவற்றிலும் நுட்பமானது. தருபவரின் மனம் கசந்திருந்தால் உணவும் கசக்கும் என்பார்கள். ஆனால் தருபவர் என்ன உண்டார் என்று கேட்பவர் அரிது. மகளுக்கென வாங்கிய பயறில் தமக்குப் பங்கு வேண்டாம் என்று ஒதுங்கி, மீந்த கோதுமை ரொட்டியை ஊறுகாயுடன் நின்றபடியே உண்ட தாயைப் பல மாதங்கள் எவரும் கவனிக்கவில்லை. சிக்கனம் என்ற பெயரில் நடந்த இதுவும் ஒருவகைப் பந்தி வஞ்சனையே. உடலுக்கு ஏற்ப வெவ்வேறு உணவு பரிமாறுவது வஞ்சனையாகாது. ஒருவர் பசி மட்டும் கணக்கில் வராதிருப்பதே வஞ்சனை. கணவர் அதை உணர்ந்தது தற்செயலாக, தொழிற்கூடத்தில் மனைவி மயங்கிச் சரிந்த செய்தி வந்த அன்று. அதற்குப் பின் ஞாயிறு மாலைகளில் ராஜ்மா ஆய்வதும் தானியம் அரைப்பதும் அவருடைய வேலையாயின. வாரக் கணக்கில் ஐந்து பேருக்கும் பயறு எழுதப்பட்டது. அதற்காகத் தேநீருக்கான பாலில் கொஞ்சம் குறைந்தது.

நவராத்திரி வந்தால் வீட்டின் நிலை தலைகீழாகும். பாட்டி ஒன்பது நாளும் தானியம் விலக்கி விரதம் இருப்பார். சிங்காடாக் காய் மாவு, 'குட்டு' என்னும் விரத மாவு, ஜவ்வரிசி, சாமா அரிசி என விரதத்துக்கு உரியவை எல்லாமே குளூட்டன் இல்லாதவை. ஆண்டு முழுவதும் தனித்தட்டில் உண்ட சிறுமி அந்த நாட்களில் பாட்டியின் தட்டிலேயே உண்கிறாள்.

ஆனால் விரதம் முடியும் நாளில்தான் சோதனை. அஷ்டமியிலோ நவமியிலோ சிறுமியரை அழைத்து, பாதம் கழுவி, தேவியாகவே வணங்கி, பூரியும் கொண்டைக்கடலையும் ரவை அல்வாவும் படைப்பார்கள். எட்டு வயதுச் சிறுமியை எல்லா வீடுகளும் அழைக்கும். தேவியாக அமர்த்தப்பட்டவளின் கையில், அவளுக்கு ஆகாத உணவே பிரசாதமாக வந்து சேரும்! ஒரு துளி பிரசாதம் என்ன செய்துவிடும் என்று முதல் ஆண்டில் பாட்டியே ஊட்டிவிட்டார். அடுத்து வந்த நாட்களில் குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்ததையும் அவரே அருகிலிருந்து பார்த்தார்.

இப்போது அந்த வீட்டில் ஒன்பது சிறுமியருக்கும் குட்டு மாவுப் பூரியும் கடலைமாவு அல்வாவுமே படைக்கப்படுகின்றன. செலவு கூடுதல்தான், அதற்காகப் பாட்டி கோடையிலிருந்தே சிறிது சிறிதாகச் சேர்த்து வைக்கிறார். பக்கத்து வீடுகளுக்குப் பேத்தியைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வதும் அவர்தான். பூரியும் அல்வாவும் வேண்டாம், தேங்காயும் பழமும் போதும் என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறார். கொண்டைக்கடலை இருந்தால், "மகளே, இதில் பெருங்காயம் போட்டாயா?" என்று கேட்டு, விடை வந்த பிறகே பேத்தியை மணையில் அமர்த்துகிறார்.