வாய் பேசா உயிரின் நோவும் நமது கடனும்

நமது நன்மையின் பொருட்டு ஓர் உயிருக்கு நோவு விளைப்போமாயின், அந்நோவைத் தணித்தல் ஈகையோ, கடனோ என்பது ஈண்டு ஆராயற்பாலது. ஈகையாயின், செய்தல் புகழாகும், செய்யாமை பழியாகாது. கடனாயின், செய்தல் புகழாகாது, செய்யாமை பழியாகும். இவ்வேற்றுமை சிறிதன்று.

இவ்வினா கொழும்பு நகரத் தெருக்களிலேயே எழுகின்றது. நீர்வெறுப்பு நோயைத் தடுத்தற்பொருட்டு 1893ஆம் ஆண்டில் இலங்கையில் ஒரு கட்டளைச்சட்டம் ஆக்கப்பட்டது. அதன்பின் நெடுங்காலம் உரியவரில்லாத நாய்கள் பிடித்துக் கொல்லப்பட்டு வந்தன. 2006ஆம் ஆண்டில் அரசாங்கம் அக்கொலையை நிறுத்தியது. 2007ஆம் ஆண்டு தொடக்கம் கொழும்பு மாநகர சபையும் புளூ போ டிரஸ்ட் என்னும் நிறுவனமும் கூடித் தெருநாய்களுக்குத் தடுப்பூசி இடுதலையும் கருத்தடைச் சத்திரசிகிச்சையையும் நடாத்தின. கொலையினும் இது பன்மடங்கு நன்று. ஆயினும், பெண் நாயின் வயிற்றைக் கீறிச் சூலகங்களையும் கருப்பையையும் அகற்றுதல் சிறு காரியமன்று. மயக்கம் தெளிந்தபின் புண் நோகும். அந்நாய் இதனை வேண்டிற்றில்லை; இதனால் விளையும் நன்மையிற் பெரும்பங்கு நம்முடையதே.

வெள்ளவத்தையில் நாம் வசிக்கும் ஒழுங்கையிலே, இங்ஙனம் சிகிச்சை பெற்ற நாயொன்று ஒரு படலையருகே கிடந்தது. அது குரைக்கவில்லை, முனகவுமில்லை. “நல்ல சாதுவாகக் கிடக்கின்றது” என்றார் அயலவர் ஒருவர். நாமும் அவ்வாறே எண்ணினோம். அவ்வழியே வந்த மிருக வைத்தியர் அதன் கூனிய முதுகையும், தொடவொட்டாது ஒடுக்கிய வயிற்றையும், ஓயாது புண்ணை நக்குதலையும் காட்டி, “இது சாதுத்தன்மையன்று, ஐயா, நோவு” என்றார். ஐம்பது பிராயம் கடந்தும், மாணாக்கர் முகத்தை நாடோறும் நோக்கியும், இதனை நாம் அறிந்திலேம்.

இரக்கமுடைய மற்றொருவர், மனிதர் உண்ணும் நோக்குளிசையைச் சோற்றிற் பொதிந்து கொடுக்க முற்பட்டார். வைத்தியர் உடனே தடுத்தார். இபுபுரோபன் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பரசிட்டமோல் அளவு மிகின் ஈரலைக் கெடுக்கும். அறிவில்லாத இரக்கமும் ஒரு கொடுமையாய் முடிதல் காண்க. முறையான வழியோ எனின், கீறுமுன்னரே நோவடக்கும் மருந்து கொடுத்தலும், கீறுமிடத்தை மரக்கச் செய்தலும், பின் சில நாள் மெலொக்சிக்காம் போன்ற மருந்தை வைத்தியர் நிறையறிந்து அளந்து கொடுத்தலுமாம். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார், நாயின் ஒலி, நடை, புண்ணை நோக்குதல், தொட்டவிடத்து அதன் செயல், கிடக்கும் நிலை முதலியவற்றை எண்ணிட்டு நோவை அளக்க ஒரு முறை வகுத்துள்ளனர். பேசாத உயிரும் தன் மெய்யாற் பேசுகின்றது என்பதே இதன் கருத்து.

இனி, “அந்நோவு அதன் வினைப்பயனன்றோ? அதனை விலக்க நாம் யார்?” என்பாருமுளர். அவருக்குப் பல் நொந்தால் வினைப்பயனென்று வாளாவிருப்பரோ? வைத்தியரிடமன்றோ விரைவர்! நாய் நுகர்வது அதன் பிராரத்தமேயாகுக. தணிக்க வல்லேமாயிருந்தும் தணியாது விடுதல் நமது ஆகாமியமாம். பிறர் வினையை அளப்பது இறைவன் தொழில். நம் செயலை அளந்துகொள்வதே நம் தொழில்.

பிராஞ்சு தேசத்து டேக்கார்ட்டு என்னும் தத்துவஞானி, 17ஆம் நூற்றாண்டில், விலங்குகள் இயந்திரம் போல்வன என்றார். நாமோ எவ்வுடம்பில் நிற்பினும் ஆன்மா பசுவே என்னும் சித்தாந்தத்தை ஓதுகின்றோம். ஓதிவிட்டு, கீறுண்ட நாயை இயந்திரம்போல் விட்டுச் செல்லின், அவர் கொள்கையிற் பிழைத்தார்; நாம் ஒழுக்கத்திற் பிழைத்தோம். எவர் பிழை பெரிது?

அநுராதபுரத்தில் அரசாண்ட தமிழ்மன்னன் எல்லாளன், கன்றையிழந்த பசு மணியை அசைக்கக் கேட்டுத் தன் மைந்தனென்றும் பாராது முறைசெய்தான் என மகாவமிசம் கூறும். பகைவர் வரலாறே புகழ்ந்த நீதி அது. அவன் பசுவுக்கு ஈந்தானல்லன். தான் பட்ட கடனை இறுத்தான். நம் தெருநாய்க்கு அசைத்தற்கு மணியில்லை. ஆதலின் அதன் நோவைத் தணித்தல் ஈகையன்று, கடனே என்பது துணிபு. சத்திரசிகிச்சைக்குச் செலவிடுவோர் நோமருந்துக்கும் சேர்த்தே செலவிடுக.

சைவ பாடசாலை ஆசிரியர்களே! சீவகாருணியத்தை மனனம் செய்வித்தலோடு அமையாது, பேசாத உயிரின் மெய்க்குறியை நோக்கியறியவும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பீராக. வகுப்பின் கடைவாங்கில் முனகாது நோவு பொறுத்திருக்கும் பிள்ளையும் அப்பொழுது நம் கண்ணுக்குப் புலனாவான்.